ஐந்தை அடித்து ஐநூறு

ஓசூரில் நான் குவாலிட்டி பார்க்கும் தொழிற்சாலையில், கேட்டில் ஒரு மெஷினில் ஊதிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குள் போக வேண்டும். குடித்துவிட்டு வருபவர்களைப் பிடிப்பதற்காக வைத்தது. போன வருஷம் ஒரு நாள் காலையில், என் லைனில் பாகங்களைத் துடைத்து அடுக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஊதியபோது அது கத்திவிட்டது. பர்கூர் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகள். மெஷின் கத்தினால் அன்றோடு வேலை போச்சு, மறுபேச்சு கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. அளவு தவறிய ஒரு போல்ட்டைக்கூட இரண்டாவது கேஜில் வைத்து அளந்து பார்க்காமல் நாங்கள் கழிப்பதில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஆயிரம் பேர் ஊதினால் குடித்தவர்கள் ஐந்து பேர் இருக்கலாம். குடிக்காதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மெஷின் தப்பாகப் பிடிக்கும் என்று வைத்தால் இருபது பேர். ஆக, கத்துவது இருபத்தைந்து தடவை, அதில் இருபது பொய். "பயப்படாதீங்க, கணக்கு உங்க பக்கம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பெரிய அறிவாளி மாதிரி மாடியேறிப் போய் எச்.ஆர். அதிகாரியிடம் தாளை நீட்டினேன்.

அதிகாரி பொறுமையாகப் படித்தார். கணக்கு அவருக்கு நன்றாகவே புரிந்தது, அதுதான் வினை.

"ஆயிரத்துக்கு அஞ்சுங்கறது பொதுவாச் சொல்றது. இவன் காலனி ஆளு. அங்க பாதிப் பேர் குடிக்கறவங்க. அதைப் போட்டுப் பாருங்க சார்."

நாங்கள் நிலம் வைத்திருக்கும் குடும்பம். காலனியைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்தை அடித்துவிட்டு ஐநூறு என்று எழுதினேன். இப்போது ஐநூறு நிஜம், பத்துதான் பொய்.

"நீங்களே சொல்லிட்டீங்க" என்று சிரித்தார். என் தாளையே ஃபைலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கீழே தொழிலாளி காத்திருந்தார். "கணக்குல என்னங்க சார் வந்துச்சு?"

"உங்க ஊர்ல நெறையப் பேரு குடிக்கறாங்கன்னு..." என்று இழுத்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் கேட்டார்: "மூணு வருசமா தெனமும் ஊதறேன். ஒரு நாளுகூடக் கத்தலைங்க. அது கணக்குல வராதுங்களா?"

வரும். அவர் ஊரைக் கணக்கில் போடுவதற்கு முன்னால் அதைத்தான் போட்டிருக்க வேண்டும். திரும்பப் போய்ச் சொல்ல மாடி பதினெட்டுப் படிதான். செக்யூரிட்டி அவருடைய அடையாள அட்டையைக் கழற்றி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.