மேஜர் ஜெனரல் ட்ரெஸ்ல எங்கப்பா

எங்கப்பா செத்த பதினாறாம் நாளு, எங்க ப்ளாக் கேட்டுல கட்டுன ஃப்ளெக்ஸ்ல அவரு அமெரிக்காக்காரன் ராணுவ கோட்டு போட்டுக்கினு, இடுப்புல கத்தி தொங்க நின்னாரு. மேல கண்ணீர் அஞ்சலின்னு பெருசா எழுதியிருந்திச்சி. எங்கப்பா மிலிட்டரிலலாம் இல்ல. நாங்க பொழைக்க வந்த ஹிந்தி ஊர்ல, லோதி ரோடு பக்கம் ஒரு சார் வீட்டுல சமையல் வேல. அவ்ளோதான்.

இது எப்டி ஆச்சின்னா, அந்த அமெரிக்காக்காரன்லருந்து சொல்லணும்.

சாரு ரிட்டயர் ஆன ஆபீசரு, தமிழ்க்காரருதான். பொழுது போவாம புக்கு எழுதிக்கினு இருந்தாரு. நூத்தம்பது வருஷத்துக்கு மேல முன்னாடி அமெரிக்காவுல ஒரு அரசியல்வாதி இருந்தானாம், சண்டை வந்ததும் ஜெனரல் ஆயிட்டானாம், அவன பத்தி. கேக்கறதுக்கு வீட்டுல வேற ஆளு இல்ல. அதனால கிச்சன் கிட்ட சேர் போட்டு உக்காந்து, அன்னைக்கி எழுதுனத எங்கப்பாவுக்கு சொல்லுவாரு. அப்பா வெங்காயம் அரிஞ்சிக்கினே கேட்டுட்டு வந்து, சோறு துன்னும்போது எங்களுக்கு சொல்லுவாரு.

"அவன் ஒரு வக்கீலும்மா. வாய்தான் மூலதனம். பேசியே எலெக்‌ஷன்ல ஜெயிச்சிட்டான். அங்க கருப்பு ஜனங்கள அடிமையா வெச்சிருந்தானுங்க. அது வேணும்னு ஒரு பாதி, வேணாம்னு ஒரு பாதி, ஒரே நாட்டுக்குள்ள சண்டை. பிரசிடெண்டு வேற கட்சி. ஆனா இவன் கட்சி ஆளுங்களும் பட்டாளத்துக்கு வரணுமில்ல? அதுக்காக இவன கூப்ட்டு, இந்தா நீ ஜெனரல்னு குடுத்துட்டாரு."

"துப்பாக்கி புடிக்கத் தெரியுமா அவனுக்கு?"ன்னு கேட்டேன்.

"கூட்டம் சேக்கத் தெரியுமே. போதாதா?"

அம்மா சொல்லும், "அந்தாளு இருக்கட்டும், எண்ணெ வாங்கியாந்தியா?"

ஜெனரலு டென்டுல உக்காந்து புக்க பாத்து ட்ரில் கத்துக்கினானாம். மொத சண்டைக்கி ரோடு தப்பிப் போயி, எல்லாம் முடிஞ்சப்புறம் பட்டாளத்தோட வந்து சேந்தானாம். வந்தவன் சும்மா இருந்தானா, களைச்சிப் போயி கெடந்தவங்களுக்கு ஒரு மணி நேரம் பேசுனானாம். ரெண்டாவது ஒரு கோட்டைய புடிச்சான். எதிரி முந்தின நாளே காலி பண்ணிட்டுப் போயிட்டான், அது வேற விசயம். 'புடிச்சிட்டேன்'னு தந்தி அடிச்சான், பேப்பர்ல போட்டாங்க. மூணாவது சண்டைல இவன் பேச்ச நம்பி வந்த ஊர்ப் பசங்க எக்கச்சக்கம் பேரு செத்துட்டாங்க. இவனுக்கு குதிரை மட்டும் செத்துச்சி. தப்பு என்னுது இல்ல, ஆத்துல தண்ணி ஏறிடுச்சின்னு லெட்டர் எழுதிட்டான். பிரமோஷன் குடுத்தாங்க. சண்டை முடிஞ்சதும் அதே கோட்ட போட்டுக்கினு ஓட்டு கேட்டான். ஜெயிச்சான். இப்ப அவன் ஊர்ல குதிரை மேல சிலையா இருக்கானாம்.

அப்பா சார்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கினே இருப்பாராம். "அத்தன பேருக்கும் யாரு சார் சமைச்சா?" சாரு புக்கெல்லாம் பொரட்டிட்டு, "அத யாரும் எழுதி வெக்கலப்பா"ம்பாராம்.

அந்த ஜெனரலு கோட்டும் கத்தியுமா நிக்கற படத்த சாரு ஃபோன்ல அனுப்ச்சாரு. அப்பா அதயே வாட்ஸப் டிபியா வெச்சிட்டாரு. "பாரு, எனக்கும் அவனுக்கும் ஒரே மீசை." ஊர்லருந்து அத்தை ஃபோன் பண்ணி, எவனோ வெள்ளக்காரன் உன் நம்பர திருடிட்டான்னு அழுதுச்சி.

நாங்க குடிசை போட்டிருந்த ஜங்புரா கேம்ப்ப இடிச்சப்புறம், ஊருக்கு வெளிய நரேலால எங்களுக்கு வீடு குடுத்தாங்க. அங்கருந்து சார் வீட்டுக்கு பஸ்ஸு மாறி மாறி போவணும். ஒருநாள் திரும்பி வரும்போது சீட்லயே போயிட்டாரு. தூங்கறாருன்னு நெனச்சி கடைசி ஸ்டாப் வரைக்கும் யாரும் எழுப்பல. வாழ்நாள்ல அன்னைக்கிதான் அவர யாரும் ஜல்தி ஜல்தின்னு வெரட்டல.

பதினாறாம் நாளுக்கு படம் வேணும். வீட்டுல தேடுனா அப்பா படமே இல்ல. எல்லா கல்யாணத்துலயும் அவரு அடுப்பாண்ட இருந்திருக்காரு. ஏதோ ஃபாரத்துக்கு எடுத்த ஒரு படம் ஃபோன்ல இருந்திச்சி. ஒரு கண்ணு பாதி மூடி, சட்டை காலர் மடங்கி. எனக்கு அதுவே போதும்னு இருந்திச்சி. உள்ளத சொல்றேன், ஒரு வாரத்துலயே அவரு மொகம் எனக்கு ஒழுங்கா ஞாபகம் வரல. கை காலுகூட ஞாபகம் வருது, மொகம் நழுவுது. பயமா இருந்திச்சி. அதனால பெருசா, தெளிவா ஒரு படம். வேற எதுவும் கேக்கல நான்.

சித்தப்பா அந்தப் படத்த கடைக்கி அனுப்ச்சிது. கூடவே, டிபில இருக்கறதும் அப்பாவுக்குப் புடிச்ச படமாச்சேன்னு அதயும் தட்டி விட்டுடுச்சி. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஹிந்திக்காரன்; அண்ணான்னு நான் பையாம்பேன், அக்கான்னு அவன் தீதிம்பான். செத்தவங்க தலைய எடுத்து கோட்டு சூட்டு ஒடம்புல ஒட்டுறதயே தொழிலா செய்யறவன். ரெண்டு படம் வந்ததும், அச்சா, இந்த ட்ரெஸ்தான் கேக்கறாங்கன்னு ஒட்டிட்டான்.

கட்டுனப்புறம்தான் நான் பாத்தேன். "சித்தப்பா, இது என்னா?"

"கெத்தா இருக்குதில்ல? வுடு."

"அவுரு சமையல்காரரு சித்தப்பா."

"அதுக்கு? கரண்டி புடிச்ச மாதிரியா போடுவாங்க?"

வந்தவங்கெல்லாம் பாத்தாங்க. எதிர் ப்ளாக் அங்கிளு சல்யூட்டே அடிச்சாரு. மத்தியானத்துக்குள்ள எங்கப்பா கார்கில் போயிட்டு வந்துட்டாரு. ஒரு பெரியப்பா, "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான், ரகசியம்"னாரு. இலைல வடை விழுந்துக்கினே இருந்திச்சி, கதையும் வளந்துக்கினே இருந்திச்சி. பட்டாளத்துக்கே போவாம ஜெனரலு ஆன ரெண்டாவது ஆளு எங்கப்பாதான்.

சாரு ஆட்டோல வந்து எறங்குனாரு. ஃப்ளெக்ஸ பாத்தவரு அப்டியே நின்னுட்டாரு. கண்ணாடிய கழட்டித் தொடச்சி, கிட்டப் போயி பட்டன எண்ணுனாரு.

"ரெண்டு ரெண்டா இருந்தா பிரிகேடியர். மூணு மூணா இருக்கு. மேஜர் ஜெனரல்மா உங்கப்பா."

சிரிப்பாருன்னு பாத்தேன். மூக்க உறிஞ்சிக்கினாரு. "மொகம்தான் அவன மாதிரியே இல்ல"ன்னாரு. இன்னொரு வாட்டி பாத்துட்டு, "உங்கப்பன் மாதிரியும் இல்ல"ன்னாரு.

அப்பதான் நானும் ட்ரெஸ்ஸ வுட்டுட்டு மொகத்த பாத்தேன். கடை பையா புருவத்த எடுத்து வுட்ருந்தான். நான் பார்லர்ல த்ரெட்டிங் பண்றவ, எனக்குத் தெரியாதா.

மறுநாள் கடைக்கிப் போனேன். "பையா, கோட்ட எடு."

எடுத்தான். "சூட்டு போடவா? ப்ளூ கலர் நல்லா இருக்கும்."

"ஒண்ணும் வாணாம். நீ மொகத்துல என்னென்ன பண்ணியோ, எல்லாத்தயும் திருப்பு."

அவன் மூஞ்சி சுருங்கிடுச்சி. "ஒரு மணி நேரம் வேல பண்ணேன் தீதி, ஃப்ரீயா பண்ணேன்." ஆனாலும் திருப்புனான். கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுனான், புருவம் காடா வந்திச்சி. இன்னொண்ணு, வெளுப்பு போச்சி, எங்கப்பா கலரு வந்திச்சி. இன்னொண்ணு, கன்னத்துல எண்ணெ தெறிச்ச தழும்பு வந்திச்சி. அந்தத் தழும்பு எனக்கு மறந்தே போயிருந்திச்சி. மறந்துட்டேன்னுகூட தெரியல. கடைசியா தட்டுனான், ஒரு கண்ணு பாதி மூடிக்கிச்சி.

"இத அப்டியே பெருசா போட்டுக் குடு."

"இதுல நான் ஒண்ணுமே பண்ணலியே தீதி"ன்னான்.

"ஆமா பையா"ன்னேன். அவன் ப்ரிண்டு போட ஆரம்பிச்சான். நான் மெஷின் பக்கத்துலயே நின்னேன். மொதல்ல முடி வந்திச்சி, அப்புறம் நெத்தி, வரி வரியா.