கையுறைக்கு மசியாத பொத்தான்

என் பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் ஒரு கம்பளிக் கையுறை இருக்கிறது. இடது கைக்கு மட்டும். கட்டைவிரல் நுனி பிய்ந்தது. செக்கர் அக்கா ஓய்வு பெற்ற அன்று அதை என் கையில் திணித்துவிட்டு, வலது கைக்கானதைத் தானே வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில், ராணுவத்துக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் நான் தையல்காரி. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவுக்கு, நாங்கள் தைத்ததைச் சரிபார்த்து முத்திரை குத்துவது வேலை. அந்த வருஷம் பனிமலையில் சண்டைக்கு நிற்கும் வீரர்களுக்குப் பஞ்சு வைத்த கோட்டு தைத்தோம். ஆவடி வெயிலில் அதை மடியில் போட்டுத் தைப்பது அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்வது போல. குளிர் என்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் தலையில் துண்டு சுற்றிக்கொள்கிற அளவுதான் தெரியும்.

பொத்தான் தைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. துணி கிழியுமே தவிர நான் தைத்த பொத்தான் கழன்று வராது. பக்கத்து மேசைக்காரிகளும் என்னைப் பார்த்துத்தான் இறுக்கித் தைத்தார்கள். சனிக்கிழமை ரயிலில் ஏற்ற வேண்டிய கோட்டுகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. செவ்வாய்க்கிழமை அக்கா எங்கிருந்தோ ஒரு ஜோடி கையுறை வாங்கிவந்து மாட்டிக்கொண்டு, ஒரு கோட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. பொத்தான் துணியோடு ஒட்டிக் கிடந்ததால் கம்பளி விரலுக்கு அகப்படவே இல்லை. எல்லாவற்றையும் தளர்த்தித் தைக்கச் சொன்னார்.

"லூசாத் தைச்சா அது ஒரு தையலாக்கா?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இன்னாடி பேசிகினே கீற? நீயே மாட்டிப் பாரு. அங்க இத்தக் கழட்டினா வெரலே போயிடுமாம். சனிக்கெழம ரயில உட்டா பனி வழிய மூடிக்கும். அப்பால அடுத்த கோடைக்குத்தான் கோட்டு போவும்."

மாட்டிப் பார்த்தேன். ஒரு பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும் பிரித்து, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கழுத்துபோல் உயர்த்தித் தைக்க வேண்டும். மெஷினில் ஆகாது, கைவேலை. கூடாரம் தைக்கிறவர்கள், துணி வெட்டுகிறவர்கள், கேன்டீன்காரர்கள்கூட ஊசியோடு வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பெரிய கூடத்தில் மெஷின் சத்தமே இல்லாமல் நூற்றுக்கணக்கான கைகள் ஏறி இறங்கியதைப் பார்த்து மலைத்துப்போனேன். சண்டை என்றால் துப்பாக்கியும் வீரமும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு கோட்டை நன்றாகத் தைக்க எந்த ஊரிலும் ஒரு தையல்காரி இருப்பாள். நாலே நாளில் ஒரு படைக்கே தைத்துக் கொடுக்க இத்தனை கைகள் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அது இல்லாத நாட்டின் வீரன் எவ்வளவு துணிந்து நின்றாலும் விறைத்துத்தான் போவான்.

சனிக்கிழமை ரயில் போனது. கோட்டுகள் போய்ச் சேர்ந்த மறு வாரமே பனி வழியை மூடிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அக்கா என் மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

இப்போது வாதம் வந்து என் விரல்கள் சரியாக மடங்குவதில்லை. எப்போதாவது அந்தக் கையுறையை எடுத்து மாட்டிப் பார்க்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒரு கூடம் இருந்திருக்கும், நாள் குறித்து வேலை நடந்திருக்கும். அங்கே கையுறை மாட்டிப் பார்க்க ஒருத்தி இருந்தாளா என்று தெரியாது. இல்லாமல் போயிருந்தால் நமக்குத்தான் வெற்றி. ஆனாலும், இருந்திருக்க வேண்டும் என்றுதான் என் மனசு கேட்கிறது.