மூன்று கிலோவுக்குள் ஒரு கல்யாணம்

1. தோள் மக்கர் செய்த நாள்

தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபருக்குக் கிடைப்பது அதிகம் போனால் பத்து விநாடி. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் நாங்கள் கேமராவைத் தூக்க வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் அந்தப் பத்து விநாடியில், என் வலது கை தோளுக்கு மேலே வர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன். என் பெயர் விஜயா. ஸ்டூடியோவில் விஜி. அன்றும் வழக்கம்போல முதுகில் பெரிய பையோடு, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் ஏறி நின்று, நீள ஜூம் லென்ஸை மணவறைப் பக்கம் திருப்பினேன். தோளில் ஒரு வெட்டு வெட்டியது. கை பாதியிலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்தே அழுத்தினேன்.

மறுநாள் எங்கள் பாஸ் தனபாலன் அண்ணன் படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"விஜி, இது யாரு முழங்கை?"

"மாப்பிள்ளையோட மாமாவுது."

"தாலி எங்க?"

"முழங்கைக்குப் பின்னால."

வீடியோவிலிருந்து ஒரு படத்தை வெட்டியெடுத்து ஆல்பத்தில் வைத்தோம். கல்யாண வீட்டார் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், அவரும் கவனித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"ஒடம்பு முடியலன்னா சொல்லு லா. ஆல்பம் ரூம்ல ஏர்கோன் இருக்கு, நல்ல நாற்காலி இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து நீ உள்ள பாத்துக்க."

நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏர்கோனில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாரோ எடுத்த படத்தில் வேறு யாருடைய முகத்திலோ இருக்கும் பருவை அழித்துக்கொண்டிருப்பது எனக்குத் தண்டனை. கோபத்தில் பேரம் பேசினேன்.

"அடுத்த மாசம் ஒரே ஒரு கல்யாணம் குடுங்கண்ணே. சொதப்புனேன்னா நானே அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துக்கிறேன். அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

"நீ வாய தொறக்காம இருப்பியா?" என்று சிரித்தார். பிறகு, "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

2. தராசு

கெலுகோரில் ஒரு பிசியோ கிளினிக். அங்கே வேலை பார்க்கும் தங்கச்சிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையைத் தூக்கச் சொன்னாள், முறுக்கச் சொன்னாள், நான் கத்தியதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அக்கா, தோள் இறுகிப் போச்சு. எக்சர்சைஸ் செஞ்சா சரியாகும், ஆனா மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மூணு கிலோவுக்கு மேல தோள்ல ஏத்தாதீங்க. முதுகுல மாட்டுற பை வேணவே வேணாம். அத மாட்டி மாட்டிக் கழட்டித்தான் இந்தக் கதி."

எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பங்களை கூரியரில் அனுப்ப ஒரு தராசு உண்டு. அதன்மேல் என் பையை வைத்தேன். ஒன்பது கிலோ நானூறு கிராம்.

மேசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு கேமரா, நாலு லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், சார்ஜர், மழைக்கோட்டு, குடை, ஊக்கு டப்பா, அரை பாக்கெட் பிஸ்கட், எப்போதோ செத்துப்போன ஒரு லைட் மீட்டர். செத்ததை ஏன் சுமந்தேன் என்று கேட்காதீர்கள். ஒருவேளை தேவைப்பட்டால் என்றுதான் ஒவ்வொன்றும் உள்ளே போயிருந்தது. கல்யாணத்தில் நான் நிஜமாகவே கையில் எடுப்பவற்றை மட்டும் தனியாக ஒதுக்கினேன். ஒரு கேமரா, அகலமாகப் பிடிக்கிற 35 லென்ஸ், முகத்துக்கு 85, ஒரு ஃபிளாஷ், பேட்டரி, கார்டு. இன்னொரு கேமரா, எதற்கும் இருக்கட்டும் என்று வீடியோக்காரரின் பெட்டிக்குப் போனது.

ஜூம் லென்ஸை எடுத்து அலமாரியில் வைத்தபோது என் தைரியத்தில் பாதியும் அதோடு உள்ளே போய்விட்டது. எத்தனை கூட்டம் இருந்தாலும் பின்னாலிருந்தே தாலியைத் தொட்டுவிடலாம் என்ற தெம்பை இத்தனை வருஷமும் கொடுத்தது அதுதான். அது இல்லையென்றால் நான் நடந்து மணவறைக்கே போக வேண்டும்.

மிச்சத்தைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ இருநூறு. ஆக, பைக்கு எண்ணூறு கிராம்தான் பாக்கி.

3. குஷன் கடை

எண்ணூறு கிராம் என்று சொன்னதும் கேமரா கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் இருந்த பைகள் காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டின. எல்லாம் கறுப்பு, எல்லாம் டப்பா வடிவம். இடுப்பில் மாட்டிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் நிற்பவர் கையிலுள்ள தட்டு பறக்கும். ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்தேன். வெல்க்ரோ 'கர்ர்ர்' என்று கத்தியது. ஐயர் மந்திரம் சொல்லும்போது அந்தச் சத்தம் வீடியோவில் பதிந்தால் வீடியோக்காரர் என்னைச் சும்மா விட மாட்டார்.

சூலியா தெருவில் டூரிஸ்டுகளுக்கென்று பைகளைத் தொங்கவிட்டிருக்கும் கடையொன்றில் அதைப் பார்த்தேன். சின்ன தோள்பை. தோல், நல்ல தேத்தண்ணி நிறம், காகிதம் மாதிரி மெல்லிசு. ஐந்நூறு கிராம்கூட இல்லை. கல்யாணப் பெண்ணைப் பார்த்த மாப்பிள்ளை மாதிரி நின்றேன். வாங்கிவிட்டேன்.

வெறும் பையில் லென்ஸைப் போட்டால் ஒன்றோடொன்று மோதும். உள்ளே மெத்தை வேண்டும். எடுத்துக்கொண்டு ரஹீம் அண்ணன் கடைக்குப் போனேன். காடி என்று நாங்கள் சொல்லும் கார் சீட்டுக்கும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கும் உறை தைக்கிறவர். பையை முகர்ந்து பார்த்தார்.

"நல்ல தோலு. இதுல நான் ஊசி எறக்க மாட்டேன்."

"ஏண்ணே?"

"தோல்ல ஒரு தரம் ஊசி எறங்குனா அந்த ஓட்ட அப்புடியே நின்டுடும். உள்ள போடுறத தனிப் பெட்டியாத் தச்சித் தாரேன். வேணுமுன்டா போட்டுக்க, வேணாமுன்டா உருவிக்க."

எனக்குத் தேவைப்படாத யோசனை என்று அப்போது நினைத்தேன். தலையாட்டி வைத்தேன்.

சீட்டுக்குப் போடும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் மேசையைத் தொட்டது. "இது ஒக்கார்ரதுக்கு. விழுறதுக்கு ஒதவாது." யோகா பாய் ஒன்றை வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டி, நடுவில் ஒரு தடுப்பும் வைத்தார். உள்துணிக்கு காடியின் கூரையில் ஒட்டும் வெளிர் சாம்பல் துணி. கறுப்புத் துணி போட்டால் கறுப்பு லென்ஸ் மூடி எங்கே கிடக்கிறது என்று தெரியாது, அதனால் வெளிர் நிறம் நான் கேட்டது. பட்டைக்கு சீட் பெல்ட் நாடா. அகலமாக, வழவழவென்று, தோளை அறுக்காது. இரண்டு முனையிலும் கொக்கி வைத்தார்.

பரீட்சையும் அவரே வைத்தார். பக்கத்துக் கடை முறுக்கு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மேசையிலிருந்து கீழே தள்ளினார். முறுக்கு முழுசாக இருந்தது. ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்கு இருபது கிராம் குறைவு. இடது தோளிலிருந்து குறுக்காகப் போட்டு, வலது இடுப்பில் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

4. வாசல் பலகை

எனக்குக் கிடைத்த அந்த ஒரே கல்யாணம் சுங்கை பாக்காப் பக்கம் ஓர் எஸ்டேட் தோட்டத்துக் கோயிலில். காலையிலேயே போய்விட்டேன். காலைக் கழுவிக்கொண்டு படியேறும்போது கோயில் பொறுப்பாளர் குறுக்கே வந்தார்.

"அக்கா, அந்தப் பை தோலா?"

என் கை தானாகப் பையின்மேல் போனது.

"தோலுன்னா உள்ள விட முடியாதுக்கா. பெல்ட்டு, பர்ஸு எதுவும் கூடாது. பலகைய பாருங்க."

நான் பலகையைப் பார்க்கத் தேவையே இல்லை. இதே வாசலில் எத்தனையோ மாப்பிள்ளைத் தோழர்களின் பெல்ட்டைக் கழற்ற வைத்தவள் நான். பினாங்கில் எல்லாக் கோயிலும் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை, ஆனால் இந்தக் கோயில் கண்டிப்பானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எடை பார்த்தேன், மெத்தை பார்த்தேன், சத்தம் பார்த்தேன், நிறம் பார்த்தேன். அது எங்கே போகப் போகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. என் கன்னத்தில் நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. வலது கை ஒத்துழைக்காது.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இந்தக் காலத்தில் தோல் மாதிரியே ரெக்சின் வருகிறது. சாமி வாசலில் நின்றுகொண்டு வாய் வரவில்லை. எனக்கோ பஞ்சாபி சூட்டில் பாக்கெட் கிடையாது. ஃபிளாஷை ஒரு கையிலும் லென்ஸை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கேமராவை எதில் பிடிப்பது? ஆல்பம் ரூம் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

வாசலுக்குள் ஒரு மேசையில் பெண்ணின் அத்தை உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் துணிப் பைகள். மேலே பெண், மாப்பிள்ளை பெயர்.

"அக்கா, எனக்கு ஒரு பை தாங்களேன்."

"இப்பவேவா? சாப்ட்டுட்டுப் போறப்ப குடுக்குறது லா அது."

"வெறும் பை போதும்கா. கேமராவுக்கு."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினார். ரஹீம் அண்ணனின் பெட்டியைத் தோல் பையிலிருந்து உருவி மஞ்சள் பைக்குள் இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நாடாவின் கொக்கிகளைப் பையின் இரண்டு காதிலும் மாட்டினேன். தோல் பை காடிக்குப் போயிற்று. பொறுப்பாளர் சிரித்தபடி வழிவிட்டார்.

5. தேங்காய்

மணவறைக்கு அருகில் போனால் எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரே வசனம்: "போட்டோகிராபர், கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது." அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. மஞ்சள் பையோடு வந்தவளைப் பெண் வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா நகர்ந்து, "இங்கன ஒக்காரு மா" என்று மணவறை ஓரத்திலேயே இடம் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து, ஒரு முழங்காலை மடக்கி, அதன்மேல் முழங்கையை ஊன்றினேன். கேமரா என் நெஞ்சளவில் நின்றது. கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளையின் விரல் ரேகையை எண்ணிவிடும் தூரத்தில் இருந்தேன். முதல் முடிச்சை அவர் போட, மிச்சத்தைப் போட வந்த அவர் தங்கை நூலைத் தவறவிட்டாள். குனிந்திருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டே சிரித்துவிட்டாள். அட்சதை மழையாக விழுந்தது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அப்போது இடுப்பில் 'டொப்' என்று ஏதோ விழுந்தது. திரும்பினால் அதே பெரியம்மா.

"வெறும் பையோட ஒக்காந்திருக்கியே மா, இந்தா" என்று ஒரு முழுத் தேங்காயை, வெற்றிலை பாக்கோடு, என் 85 லென்ஸின் தலையில் போட்டிருந்தார்.

உயிர் போய் வந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். லென்ஸ் பாயடுக்குக்குள் பத்திரமாக இருந்தது. தேங்காய், தடுப்பின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த அரை மணி நேரமும் மூன்று கிலோவுக்கு மேல்தான் சுமந்தேன். பிசியோ தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை.

6. நாற்காலி

மறுநாள் தனபாலன் அண்ணன் படங்களை ஓட்டினார். நான் பின்னால் நின்றேன். தாலி கட்டும் படம் வந்தது. நிறுத்தினார். பெரிதாக்கினார்.

"தாலி தெரியுதுல்லண்ணே?"

"தாலி தெரியுது லா." திரையைத் தொட்டுக் காட்டி, "நம்ம எல்லாம் மேலேர்ந்து எடுக்குறோம். பொண்ணு குனிஞ்சிருப்பா. பூவும் ஜடையுந்தான் விழும். கெட்டிமேளத்தப்ப பொண்ணு மூஞ்சி எப்பிடி இருக்கும்னு நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். அடுத்த மாதக் கட்டத்தில் 'விஜி – ஆல்பம்' என்று எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்தார். இரண்டு கல்யாணத் தேதிகளில் என் பெயரை எழுதினார்.

"பெரிய மண்டபத்துல ஜூம் இல்லாம முடியாது விஜி. அதுக்கு வேற ஆள் பின்னால நிக்கட்டும். மணவறை ஒன்னோடது."

சரி என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி, பாதிப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது என்னிடம் இருப்பது மெரூன் கான்வாஸ் பை. உள்ளே அதே பெட்டி, ஆனால் தேங்காய்க்குப் பிறகு ரஹீம் அண்ணன் அதற்கு ஒரு மூடி வைத்திருக்கிறார், சத்தமில்லாத பட்டன் போட்டு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்ன பை வாங்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. பெயர் எதுவும் நான் சொல்வதில்லை. முதலில் சாமானைத் தராசில் வையுங்கள். பிறகு உங்கள் வேலை நடக்கும் இடத்தின் வாசலில் போய் நின்று, இந்தப் பை இங்கே உள்ளே போகுமா, போனால் உட்கார இடம் கொடுப்பார்களா என்று பாருங்கள். கடைக்குப் போவது அதற்கப்புறம்.

என் தோள் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பெஞ்சில் ஏறி நின்று ஜூமைத் தூக்க இப்போது என்னால் முடியும். ஏறுவதில்லை. கெட்டிமேளம் கொட்டும்போது தரையில்தான் இருக்கிறேன், பெண்ணின் முகத்துக்கு நேராக.