நான் தடை போட்ட மத்தியானத் தூக்கம்

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆவணி மாதம் என்பது மட்டும் நிச்சயம். தீபாவளி சீசன் எங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அச்சங்குளத்தை ஒட்டிய ஒரு பட்டாசு ஆலையில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குப்பை கொட்டியவன். நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம்.

பட்டாசு ஆலையை முதல்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அது ஆலை மாதிரியே தெரியாது. கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், இடையிடையே வேப்ப மரங்கள். ஓர் அறைக்கு நாலு பேர்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பெண்கள் எல்லோரும் மரத்தடியில் ஓலைப்பாயை விரித்து அரைமணி நேரம் கண்ணயர்வார்கள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, அந்த அரைமணி நேரம் ஆலையே வேறு ஏதோ ஊராக மாறிவிடும். பேச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோகும். இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் அவர்கள் சேலைமேல் பொட்டுப் பொட்டாக விழுந்து நகரும். எத்தனை தரம் கழுவினாலும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்களில் மினுங்கும். நானும் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் கிடப்பேன். இப்போது நினைத்தாலும் அந்த வேப்பங்காற்று முகத்தில் படுகிறது.

அந்தத் தூக்கத்துக்குத்தான் நான் தடை போட்டேன்.

வடக்கே போகவேண்டிய ஒரு பெரிய புஸ்வாண ஆர்டர். தேதிக்குள் லோடு ஏறாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், தானும் வேறு சூப்பர்வைசரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம். மறுநாளே, லோடு ஏறும்வரை மத்தியானத் தூக்கம் கிடையாது, சாப்பிட்டதும் அவரவர் அறைக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நானும் நியாயஸ்தன் மாதிரி என் தூக்கத்தை விட்டேன்.

இரண்டு நாள் பெட்டிகள் கூடின. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து குறைய ஆரம்பித்தன. திரி வைக்காத புஸ்வாணம், லேபிள் தலைகீழாக ஒட்டியது என்று பாதிப் பெட்டிகள் திரும்பி வந்தன. நான் கத்தக் கத்த வேலை இன்னும் மோசமானது. ஆறாம் நம்பர் அறை ஒன்றுதான் நாளுக்கு நாள் கூடுதலாகச் செய்தது, ஒரு பிழை கிடையாது. போகிற அறையிலெல்லாம் ஆறாம் நம்பரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், தூங்காமல் உழைத்தால் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று உபதேசம் செய்தேன். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மத்தியானம் இரண்டு மணி, வெயில் வெள்ளையாக நின்றது. ஸ்டோரைப் பூட்டிவிட்டு நடந்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல ஒரு மிதப்பு. மரங்கள் தாமாக விலகி வழிவிடுவதாகத் தோன்றியது. எந்த அறைக்குள் நுழைந்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. கைய மட்டும் அசைக்காதீக."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல அத்தனை மெதுவாகச் சொன்னாள். எம். புதுப்பட்டியிலிருந்து வரும் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நின்றது ஆறாம் நம்பர், புஸ்வாணத்துக்குள் வெடிமருந்து செலுத்தும் அறை. காலில் செருப்பு. விரலில் தொங்கிய இரும்புச் சாவிக்கொத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் இடைவெளியில், மருந்துத் தட்டு. செருப்பும் இரும்பும் உள்ளே வரக்கூடாது, வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று தினமும் தொண்டை கிழியச் சொல்பவனே நான்தான்.

அவள் முந்தானையை நீட்டி, சாவிக்கொத்தை என் விரலோடு சேர்த்துப் பொதிந்து பிடித்தாள். அப்படியே என்னை அடி அடியாக வெளியே நடத்திக்கொண்டு வந்தாள். மணலில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல நிமிர்ந்து பார்த்தேன். அவள் வலது கன்னத்தில் ஓலைப்பாயின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

நான் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போனது. வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள், ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி ரூமுக்குப் பின்னால கண்ணசருதோம் அண்ணாச்சி. தப்புன்னா என்னைய மட்டும் நிறுத்திருங்க. கை தூங்கிட்டா இந்த வேலைய எப்பிடிப் பாக்குறது?"

ஆலை முழுக்க இது தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். தூங்காமல் உழைப்பதற்கு உதாரணம் என்று ஊரெல்லாம் காட்டினேனே, அந்த அறை ஒன்றுதான் தூங்கிக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, உயிர் திரும்பிக் கிடைத்த ஆறுதல். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கே முதலாளிக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நாளையிலிருந்து எல்லோரும் தூங்குவார்கள் என்றேன். லோடு போகாவிட்டால் நீங்களும் போகவேண்டியதுதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மரத்தடிகள் மறுபடி நிறைந்தன. ஒரு வாரத்தில் பெட்டிகள் திரும்பி வருவது நின்றது. லோடு தேதியன்று சாயங்காலம், கடைசிப் பெட்டி ஏறி லாரி கிளம்பியது. அடுத்த சீசனில் முதலாளி அனுப்பிய புதுப் பாய்கள் மரத்தடியில் வந்து இறங்கின.

வேலை செய்பவர்கள் நலமாக இருந்தால்தான் தொழில் நலமாக இருக்கும் என்று இப்போது பலரும் பேசக் கேட்கிறேன், தலையாட்டுகிறேன். ஆனால் அதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: என் உத்தரவை மதித்து அந்தப் பெண் அன்றைக்குத் தூங்காமல் இருந்திருந்தால், இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.