வாப்பாவின் இரத்தத்தில் நிக்கோட்டின்

நேற்று எங்கள் ஊர்ப்பக்கத்துத் தில்லையடிக் கடையொன்றில் புகையிலைக் கட்டை அவிழ்த்தார்கள். அந்தக் காரமணம் மூக்கில் ஏறியதும் தும்மலுக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது. ஏனென்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

அப்போது நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூட உதவியாளன். ஊருக்கு வந்தால் பேராசிரியர் நடைதான். திரவ நிறப்பகுப்பு இயந்திரத்தால் இரத்தத்திலுள்ள நிக்கோட்டினை அளக்கும் முறையைத் திருத்துவது என் வேலை. இயந்திரம் இரத்தத்தில் கலந்திருப்பவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கூம்பாகக் காகிதத்தில் வரைந்து தரும். நிக்கோட்டினின் கூம்போ பக்கத்துக் கூம்போடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்பதை நிறுத்திய ஒருவரின் இரத்தம் தேவைப்பட்டது. கல்பிட்டியில் புகையிலைத் தோட்டம் செய்த வாப்பா, நெஞ்சுவலி வந்து சுருட்டை விட்டு ஒரு வருடம். கூப்பிட்டேன். பாவம், விடிய இலை பறித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தார்.

அவர் இரத்தத்திலும் கூம்பு! அந்தக் கிழமையே ஊருக்குப் போய்க் கேட்டேன்.

“வாப்பா, களவா சுருட்டுக் குடிக்கிறீங்களா?”

“அல்லாஹ்வுக்காக இல்ல மகன். தொட்டே பாக்கல்ல.”

“மெசின் பொய் சொல்லுமா?” என்றேன், உம்மாவுக்கும் கேட்கும்படியாக. உம்மா மூன்று மாதம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை; கதைத்தாலும் ஏச்சுத்தான்.

நான் சும்மா இருந்தேனா? கரைப்பானின் அமிலத்தன்மையைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் கூம்புகள் அழகாகப் பிரிந்தன. வாப்பாவின் எஞ்சிய இரத்தத்தில் நிக்கோட்டின் தனியே, நெட்டையாக நின்றது. துள்ளிக் குதித்தேன். பெற்ற தகப்பனைக் கள்ளனாக்கியதில் அப்படியொரு சந்தோசம்.

பிறகொரு நாள் ஊரில், கூலிக்கு ஆளில்லையென்று விடிய நானும் இலை பறித்தேன். பனி சொட்டும் இலைகளில் உடுப்பெல்லாம் நனைந்து, தலைசுற்றி வாந்தியும் எடுத்தேன். பின்னேரம் கொழும்புக்குத் திரும்பி, ஆய்வுகூடத்தில் வேறு இரத்தம் இல்லாததால் என்னுடையதையே ஓட்டினேன். பீடிகூட வாயில் வைத்தறியாத எனக்கும் கூம்பு! ஈர இலையிலிருந்து தோல் வழியாக ஏறியிருக்கிறது. தோட்டக்காரன் மகனுக்கு இதை இயந்திரம் சொல்லித்தர வேண்டியிருந்தது, பாருங்கள்.

அடுத்த பஸ்ஸிலேயே மன்னிப்புக் கேட்க ஓடினேன். வாப்பா வாசலிலேயே இருந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒளிக்கவேயில்லை.

“குடிக்காமலே மூணு மாசம் பேச்சு வாங்கினன் மகன். அதுக்கு குடிச்சிட்டே வாங்கலாமெண்டு போன கெழமதான் தொடங்கினன்.”

எவ்வளவோ கெஞ்சினேன். அதன்பிறகு அவர் விடவேயில்லை. இரண்டாவது நெஞ்சுவலியில் மௌத்தானார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது இறால் பண்ணை. என் முறை நல்ல முறையென்று இன்றும் சொல்கிறார்கள். அவர் சுருட்டைத் தொடாமல், யாரும் பாராட்டாமல் இருந்த அந்த ஒரு வருடத்தை நான்தான் கெடுத்தேன்.