சாம்பல் நிற என்ஜினும் ஆறரை வண்டியும்

1. கூட்டம்

மீஞ்சூரில் ஒரு மாடல் பட்டறையில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கப்பல் கம்பெனிக்குக் கப்பல், கட்டுமானக் கம்பெனிக்கு அடுக்குமாடி, ரயில் பிரியர்களுக்கு நீராவி என்ஜின் என்று எல்லாவற்றையும் சிறிதாகச் செய்து தரும் இடம் அது. வர்ணம் அடிப்பதும், அடித்த பிறகு கோடு போடுவதும் என் வேலை. என்ஜினின் உடம்பில் ஓரங்களை ஒட்டி ஓடும் மெல்லிய கோடுகளுக்கு லைனிங் என்று பெயர். லைனிங்கில் எது கஷ்டம் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். வளைந்த மூலைகள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். மூலை இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கஷ்டம் கமிட்டி.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, எழுதினால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். அங்கே வேகமான வண்டிகள் நிற்பதில்லை. நிற்க வைப்பதற்காக ஒரு சங்கம் உருவானது. தலைவர் நாகபூஷணம், இறால் வியாபாரி. செயலாளர் காதர் பாய், பழவேற்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மனுவை வெறுங்கையோடு கொடுக்கக் கூடாது என்பது தலைவரின் கொள்கை. மனு வாங்கப்போகும் ரயில்வே அதிகாரிக்குப் பழைய என்ஜின் என்றால் உயிர் என்று அவர் எங்கிருந்தோ விசாரித்து வைத்திருந்தார். எங்கள் பட்டறையில் யாரோ ஆர்டர் கொடுத்து வாங்காமல் போன பித்தளை என்ஜின் ஒன்று வர்ணமில்லாமல் கிடந்தது. அதைச் சங்கம் வாங்கியது.

வண்டி உண்மையில் தேவைப்பட்டது தனலட்சுமிக்கு. அவரும் இன்னும் சில பெண்களும், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி நண்டும் இறாலும் பிடிப்பவர்கள். காலை ஆறரை வண்டி நின்றால் நண்டு உயிரோடு சென்னை மார்க்கெட்டுக்குப் போய்விடும். நிற்காததால் கரையிலேயே வியாபாரியிடம், அவர் சொல்லும் விலைக்குப் போட்டுவிட்டு வர வேண்டும். வியாபாரி என்றால் நாகபூஷணம்.

என்ஜினுக்கு என்ன நிறம் என்று தீர்மானிக்க முதல் கூட்டம் கூடியது. கறுப்பு உடம்பு, சிவப்பு லைனிங் என்றேன். நீராவிக் காலத்தில் மிகச் சாதாரணமான ஜோடி அது. எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது.

"பெயின்டரே, நீ எந்தக் கட்சி?" என்றார் நாகபூஷணம்.

கறுப்புக்கு வெள்ளைக் கோடு என்றேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கும் என்றார்கள். நீலம் என்றேன். அது எதிர்க்கரைக்காரன் படகுக்கு அடிக்கிற நிறம், அவனோடு வலைத் தகராறு இன்னும் தீரவில்லை என்றார்கள். பச்சை என்று யாரோ சொன்னதும் காதர் பாயே எழுந்துவிட்டார்.

"வேணாம்பா. பச்சை அடிச்சா பாய்தான் சொல்லிக் குடுத்தான்னு நாளைக்கு என் தலையில கட்டுவீங்க. நான் கடை நடத்தணும்."

மஞ்சள் என்றபோது இரண்டு பேர் எழுந்தார்கள், ஒருவர் ஆதரித்து, ஒருவர் எதிர்த்து. காரணத்தை இருவருமே சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கடைசி வரிசையில் நின்றிருந்த தனலட்சுமி குரல் கொடுத்தார். "நைனா, இன்னா கலரா இருந்தா இன்னா? நண்டு சாவறதுக்குள்ள வண்டி நிக்கணும். அத்தப் பேசுங்க."

"இரு தனம், மொதல்ல கலரு முடியட்டும்" என்றார் தலைவர்.

2. பிரைமர்

அவர்கள் முடிவெடுக்கட்டும் என்று நான் அடிப்படை வேலையைத் தொடங்கினேன். ஏரிப் பக்கத்தில் எதைத் தொட்டாலும் உப்பு இருக்கும். சங்கத்தில் எல்லோரும் என்ஜினைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தார்கள். அதில் பாதிக் கைகள் இறால் பிடித்த கைகள். உப்பின் மேல் வர்ணம் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். சோப்புப் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்துக் காயவிட்டேன். மதியத்துக்கு மேல் ஏரிக்காற்றில் ஈரம் ஏறும்; அப்போது ஸ்பிரே அடித்தால் வர்ணம் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் வெயில் ஏறிய முற்பகலில் பிரைமர் அடித்தேன். பிரைமர் என்பது வர்ணம் பிடிப்பதற்காக அடியில் அடிக்கும் பூச்சு. எங்களிடம் இருந்தது சாம்பல் நிறம்.

அந்த நிலையில் அதைப் பார்க்கச் சங்கம் வேன் பிடித்து வந்தது. தலைவர் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார்.

"இதே நல்லாத்தானே கீது?"

"அது கலர் இல்லைங்க. பிரைமர்."

"பிரைமருக்குக் கட்சி கீதா?"

"இல்லைங்க."

"சாதி?"

"இல்லைங்க."

"அப்புறம் இன்னா? இதையே அடி."

சங்கத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. கை தட்டினார்கள். காதர் பாய் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சாம்பல் நிறத்திலேயே பளபளப்பு வர்ணம் கலந்து அதன் மேல் அடித்தேன். லைனிங்குக்கு வெள்ளையும் கறுப்பும் சேர்த்தே போடுவதென்று பேரம் பேசி ஒப்புதல் வாங்கினேன். சாம்பல் மேல் இரண்டும் சேர்ந்தால் அஞ்சலி போஸ்டர் ஆகாதாம். ரூலிங் பேனாவில் எனாமலைப் பால் பதத்துக்குக் கரைத்து ஊற்றி, முதலில் வேண்டாத தகட்டில் இழுத்துப் பார்ப்பேன். கோடு ஒரே சீராக வந்த பிறகுதான் என்ஜினைத் தொடுவது. டெண்டர் என்கிற கரிப்பெட்டியின் பக்கங்கள், டிரைவர் அறை, பாய்லரைச் சுற்றியுள்ள பட்டைகள் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். தவறினால் தீக்குச்சியைச் சீவி, டர்பன்டைன் தொட்டு, காய்வதற்குள் எடுத்துவிடலாம்.

டெண்டரில் உபயம் என்று போட்டு எல்லோர் பெயரையும் எழுத வேண்டும் என்று தலைவர் கேட்டார். கோடுகளுக்கு நடுவே இருந்த இடம் ஒரு தீப்பெட்டி அளவு. யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

3. அதிகாரி

நாங்கள் நால்வர் போனோம்: தலைவர், செயலாளர், தனலட்சுமி, வழியில் ஏதாவது உடைந்தால் ஒட்டுவதற்காக நான். அதிகாரி என்ஜின் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மேஜை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். புகைபோக்கியிலிருந்து டெண்டர் வரை ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

"வொர்க்ஸ் கிரே!" என்றார் கடைசியில். "அந்தக் காலத்துல புது என்ஜின் வெளிய வந்ததும், போட்டோ நல்லா விழணும்னு கிரே அடிச்சு, கறுப்பு வெள்ளைல லைனிங் போடுவாங்க. படம் எடுத்து முடிச்சதும் மறுபடி நிஜ கலர். இதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும்? எப்படி இதைச் செலக்ட் பண்ணீங்க?"

"நெறைய ஆராய்ச்சி பண்ணோம் சார்" என்றார் நாகபூஷணம், கண் இமைக்காமல். காதர் பாய் மின்விசிறியைப் பார்த்தார்.

அதிகாரி மூலை வளைவுகளைப் பாராட்டினார், பாய்லர் பட்டைகளைப் பாராட்டினார், டீ வரவழைத்தார். பிறகு மனுவை எடுத்துப் படித்தார்.

"சரி. எந்த வண்டி நிக்கணும்?"

"சாயங்கால வண்டி சார். ஐஸ் பெட்டி ஏத்த வசதி" என்றார் தலைவர்.

"ஒம்பது மணி வண்டின்னுதானே பேச்சு?" என்றார் காதர் பாய். "காலேஜ் புள்ளைங்க, கம்பெனிக்குப் போறவங்க..."

"ஆறரை வண்டிங்கய்யா" என்றார் தனலட்சுமி. "ஆறரைதான். அதுக்குத்தானே வந்தோம்?"

மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி மனுவைத் திருப்பி வைத்தார். "இதுல 'ஒரு ரயில்'னு மட்டும்தான் இருக்கு. பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

ஐந்து கூட்டம் போட்டிருந்தோம். நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எந்த வண்டி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, நான் உட்பட. மனுவில் அது எப்படி விட்டுப்போனது என்று நான் விசாரிக்கவில்லை. மனுவை எழுதியவர் தலைவர்.

என்ஜினை அதிகாரி தன் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திரும்பும் வழியில் வேனில் தனலட்சுமிதான் முதலில் பேசினார். "நிக்கிற வண்டி ஒண்ணு கேக்கப் போனோம். நம்மகிட்ட இருந்த நிக்கிற வண்டியையும் குடுத்துட்டு வந்துட்டோம். நல்ல யாவாரம் தலைவரே."

தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படித் தெரிந்தார்.

4. பலகை

அந்த வாரமே தனலட்சுமி பட்டறைக்கு வந்தார். "அண்ணே, ஒரு பலகை எழுதிக் குடு. ஆறரை வண்டி நிக்கணும். அவ்ளோதான்."

"என்ன கலர்ல?"

"டப்பாவுல இன்னா மிச்சம் கீதோ, அது."

"சுத்தி ஒரு லைனிங் போடட்டுமா?"

"கோடு கீடெல்லாம் வேணாம். ஆறரைன்றது தூரத்துலருந்து தெரியணும்."

டப்பாவில் மிச்சமிருந்தது பச்சை. பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக அதிகாரியிடம் போய்விட்டு வந்தார்கள். அதில் யாருடைய மதத்தையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சில மாதம் கழித்து உத்தரவு வந்தது: ஆறரை வண்டி, ஒரு நிமிடம், சோதனை அடிப்படையில்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். லைனிங் கடைசி வேலை. அடியில் ஒரு மேடு பள்ளம் இருந்தால் கோடு அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். ஆகவே பேனாவைக் கையில் எடுக்கும் முன், ஆர்டர் கொடுப்பவரிடம் இது எதற்காக என்று கேட்டுவிடுங்கள். பதில் ஒன்றுக்கு மேல் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

முதல் வண்டி நின்ற காலையில் சங்கம் ஸ்டேஷன் வாசலில் கூடிப் படம் எடுத்துக்கொண்டது. மறுவாரம் அது நன்றிப் பேனராக மேலே ஏறியது. தலைவர் நடுவில், செயலாளர் வலப்பக்கம், ஓரத்தில் நான்கூட இருக்கிறேன். தனலட்சுமி இல்லை. படம் எடுத்த நேரத்தில் அவர் வண்டியில் இருந்தார்.