பிடித்து வைக்கிற மருந்து

எங்கள் வீட்டில் பிறஷர் என்றால் ஏறக்கூடாத ஒன்று. அப்பாவுக்கோ அது எப்போதும் ஏறித்தான் இருந்தது. அதை இறக்குவதற்காகக் குழம்பில் உப்பைக் குறைத்தேன், கருவாட்டை நிறுத்தினேன், குளிசையைக் கையில் கொடுத்து அவர் விழுங்கும்வரை முன்னால் நின்றேன். "என்னையும் உன்ரை பள்ளிக்கூடப் பிள்ளையெண்டு நினைச்சனியே, ரீச்சர்" என்று சிணுங்குவார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வீட்டிலும் என் வாய் கொஞ்சம் நீளம்தான்.

போன மாரியில் அவர் கோப்பாய்த் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று முள்ளுக்கம்பியை மிதித்துவிட்டார். செருப்போடு தோட்டத்துக்குள் இறங்கமாட்டார், அது அவருடைய கொள்கை. நீரிழிவு உள்ள மனுசனுக்கு என்ன கொள்கை வேண்டிக்கிடக்கிறது? காயத்தை எனக்கு மறைத்து, மஞ்சளை அப்பி, சாரத்தால் மூடிக்கொண்டு திரிந்தார். நடுக்கமும் காய்ச்சலும் வந்து, கதை தடுமாறி, என்னையே ஆரென்று கேட்டபோதுதான் எனக்கு விசயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில், கிருமி இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். தொண்டைக்குள் குழாய் வைத்து, மயக்கத்தில் கிடத்தினார்கள். பிறஷர் கீழே போய்க்கொண்டே இருந்தது. வாழ்நாள் முழுக்க இறக்கப் பாடுபட்டதை ஏற்றித் தரச் சொல்லி நான் இப்போது மன்றாடினேன்.

டொக்டர் வயதில் சின்னப் பிள்ளைதான், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. பிறஷரை ஏற்றப் போட்ட முதல் மருந்து பிடிக்கவில்லை, கூடவே வசோபிரசினும் போடப் போகிறோம் என்றார்.

அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசோபிரசினை எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். மூளையிலிருந்து வருகிற ஓமோன், சிறுநீரைக் குறைத்து உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பது. இரத்தக் குழாய்களையும் சுருக்கும் என்று கடைசியில் ஒரு வரி சொல்வதற்குள் மணி அடித்துவிடும். சோதனையில் அந்த வரி வராது, பிள்ளைகளும் எழுதமாட்டார்கள்.

"அது உடம்பிலையே ஊறுறதுதானே டொக்டர்?"

"ஓம் ரீச்சர். கிருமி ஏறேக்கை முதல் நிறைய வரும். பிறகு இருந்ததெல்லாம் முடிஞ்சு வத்திப்போகும். அதைத்தான் வெளியிலையிருந்து குடுக்கிறம்."

"குடுத்தா எழும்புவாரோ?"

"பிறஷரைப் பிடிச்சு வைக்கும். ஆளை எழுப்புமெண்டு நான் சொல்லமாட்டன். சிறுநீரகம் ரெண்டும் நிண்டிட்டுது. வெளிநாட்டிலை ஆரேன் இருந்தா வரச்சொல்லுங்கோ. அவை வருமட்டும் பிடிச்சுப் பாப்பம்."

வெளிநாட்டில் இருப்பது தம்பி. கனடாவுக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. விசா, வேலை, பிறகு பிள்ளைகள் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று. நான் கோல் எடுத்துச் சொன்னதும் அடுத்த பிளேனுக்கே ரிக்கற் எடுத்துவிட்டான். அப்பா பிழைக்கமாட்டார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவன் வந்து, உயிரோடு இருக்கிற அப்பாவின் கையை ஒருதரம் பிடிக்கவேணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மருந்து போனது. பின்னேரமளவில் பிறஷர் ஏறியது. ஆஸ்பத்திரி விறாந்தையில் தேவாரத்தை முணுமுணுத்தபடி இருந்தவர் மாமி, அப்பாவின் தங்கை. "இப்ப பிறஷர் பரவாயில்லை அம்மா" என்று ஒரு தாதி அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதில் பொய்யில்லை. நான் குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போயிருந்தேன். மாமிக்கு அண்ணை என்றால் உயிர். பிறஷர் சரியென்றால் அண்ணையும் சரி. உடனே கனடாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டார்.

அடுத்தநாள் காலை தம்பி கதைத்தான். பிளேன் மாறுகிற இடத்தில் நின்று கதைக்கிறான் என்றுதான் நினைத்தேன். பின்னால் அவனுடைய பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்பாவுக்குப் பிறஷர் ஏறீட்டுதாம், மாமி சொன்னவ. எயார்ப்போட்டாலை திரும்பீட்டன். ரிக்கற்றைப் பிள்ளையளின்ரை லீவுக்கு மாத்திப்போட்டன். எல்லாருமா வாறம். அப்பா எழும்பியிருக்கேக்கை பேரப்பிள்ளையளைக் கண்டாச் சந்தோசப்படுவார்."

ஏறினது மருந்தாலை, அப்பா அப்படியேதான் கிடக்கிறார் என்று சொன்னேன். அவன் அந்தப் பக்கத்தில் குழறி அழுதான். அப்போதே வெளிக்கிட்டாலும் யாழ்ப்பாணம் வந்துசேர இரண்டு நாளாவது ஆகும்.

மாமியைக் கிழித்துப்போடுகிற ஆத்திரத்தோடு விறாந்தைக்கு வந்தேன். என்னைக் கண்டதும் அவர் எழும்பி வந்து நெற்றியில் திருநீறு பூசினார். முகம் பூரித்துப்போய் இருந்தது. "உன்ரை தேப்பனை நாங்கள் கூட்டிக்கொண்டுதான் வீட்டை போவம், பார்" என்றார். அந்த மனுசிக்கு நான் என்னத்தைச் சொல்ல? சொல்லாமலே உள்ளே போனேன்.

டொக்டர் போர்வையை விலக்கிக் காட்டினார். அப்பாவின் விரல்கள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. இரத்தக் குழாய்களை இறுக்கித்தான் அந்த மருந்து பிறஷரை ஏற்றுகிறது. நுனிகளுக்கு இரத்தம் எட்டாது. மருந்தைக் குறைத்தால் பிறஷர் விழும், கூட்டினால் கை போகும்.

"தம்பி எங்கை வந்திட்டார்?"

"அவன் வெளிக்கிடவே இல்லை, டொக்டர்."

அவர் போர்வையை மறுபடி இழுத்து மூடினார். இனிக் கூட்டுவதில்லை என்று இருவருமாக முடிவெடுத்தோம். அடுத்தநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார். தம்பி அப்போது பிளேனில்.

அவன் வருமட்டும் உடலை வைத்திருந்தோம். வந்து படலையைத் திறந்தவன் நேரே போய் அப்பாவின் கையைப் பிடித்தான். பிடித்தவன் விரல்களைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கை ஏன் இப்பிடிக் கறுத்திருக்கு?"

"பிறஷரை ஏத்தின மருந்தாலை."

"இப்பிடிச் செய்யிற மருந்தை ஏன் அக்கா குடுக்க விட்டனீங்கள்?"

"நீ வருமட்டும் பிடிச்சு வைக்கத்தான்ரா" என்றேன். மாமி பக்கத்தில்தான் நின்றார்.